நாற்பது பேர் நடந்த பாலம்

கடிதம் ஏற்கெனவே தட்டச்சாகி மேசைமேல் இருந்தது. என் பெயருக்கு மேலே, கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி.

“படிச்சுப் பாக்கணும்னா பாத்துக்கங்க. நாலே வரிதான்” என்றார் என் மேலதிகாரி. பேனாவின் மூடியை அவரே கழற்றி என் பக்கம் நீட்டினார்.

படித்தேன். நடைபாலத்தை நான் நேரில் ஆய்வு செய்தேன் என்றும், அது பொதுமக்கள் நடமாடத் தகுதியற்றது என்றும், உடனே மூடப் பரிந்துரைக்கிறேன் என்றும் இருந்தது.

“சார், நான் இன்னும் ஆய்வே பண்ணலையே.”

“உங்க ஊருப் பாலம்தானே? சின்ன வயசுலேர்ந்து நடந்திருப்பீங்க. துருப்பிடிச்ச பாலம். இதுல என்ன பொய் இருக்கு?”

அவர் கண் அடிக்கடி தொலைபேசிமேல் போய் வந்தது. காலையிலிருந்து மூன்று தடவை அடித்துவிட்டதாம். ஒரு தடவை தாசில்தார். இரண்டு தடவை ஆளுங்கட்சியின் வட்டச் செயலாளர்.

பேனாவை வாங்கிக்கொண்டேன். மூடியைத் திருப்பி மாட்டி மேசையில் வைத்தேன்.

“ரெண்டு நாள் குடுங்க சார். அளந்து, கணக்குப் போட்டுக் குடுத்துடறேன்.”

அவர் பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். “திங்கக்கிழமை காலையில என் மேசைக்கு வரணும். வர்றப்ப இதே நாலு வரியா வந்தா ரெண்டு பேருக்கும் நல்லது.”

இரண்டு வழிகள்

தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் நீடாமங்கலம் பக்கத்துக் கூலி விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அப்பா பண்ணையாளாக இருந்தவர். ஊரில் பறை அடிப்பவரும் அவர்தான். அரசு விடுதியில் தங்கி, உதவித்தொகையில் படித்து, மெட்ராசில் மேற்படிப்பையும் முடித்துவிட்டுத் தஞ்சாவூரில் இளம் பொறியாளராகச் சேர்ந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

சம்பா அறுவடைக் காலம். கதிர் சாய்ந்து நின்றது. அறுக்க ஆள் இறங்கவில்லை. கூலியை உயர்த்தச் சொல்லி விவசாயத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. மிராசுதார்கள் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து அறுக்கப் பார்த்தார்கள். வயலுக்கு வயல் தகராறு. செவ்வாய்க்கிழமை தாலுகா ஆபீசுக்கு ஊர்வலம் என்று சங்கம் அறிவித்தது.

எங்கள் தெருவிலிருந்து தாலுகா ஆபீசுக்குப் போக இரண்டே வழிகள். ஒன்று, ஆற்றைக் கடக்கும் இரும்பு நடைபாலம். மற்றொன்று, மிராசுதார்கள் குடியிருந்த பெரிய தெரு வழியாகச் சுற்றிப் போகும் சாலை.

முந்தின அறுவடையில் அந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் இரண்டு பேரை வெட்டினார்கள். ஒருவர் பிழைத்தார். இந்தத் தடவையும் அங்கே களத்துமேட்டில் அடியாட்களைக் கொண்டுவந்து வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊருக்கே தெரியும்.

பாலத்தை மூடினால் ஊர்வலம் பெரிய தெருவுக்குள்தான் போகும். அந்த நாலு வரிக்குப் பின்னால் இருந்தது இதுதான். என் மேலதிகாரிக்கு இது தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் விரும்பவில்லை என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

ஆடுற உத்தரம்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மெட்ராசில் நான் படித்த கல்லூரியில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதற்கென்று குளிரூட்டிய ஒரு கூடம். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நம் கணக்கை அட்டைகளில் துளை போட்டு ஒரு ஜன்னலில் கொடுத்துவிட்டு வந்தால், மறுநாள் நீளமான தாளில் விடை வரும். அல்லது, நீ செய்தது தப்பு என்று ஒரே ஒரு வரி வரும்.

என் ஆராய்ச்சி, சுமை நகர்ந்து போகும்போது ஓர் உத்தரம் எப்படி அதிர்கிறது என்பது. விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அப்பா கேட்டார்.

“ரெண்டு வருசமா என்னடா படிக்கிற?”

“உத்தரம் எப்படி ஆடும்னு படிக்கிறேம்ப்பா.”

“ஆடுற உத்தரத்த எதுக்குடா போடுறானுவ?”

ஆடாத உத்தரம் என்று உலகத்தில் ஒன்றுமே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று ஒரு வேகம் உண்டு. தட்டிவிட்டால் அந்த வேகத்தில்தான் மேலும் கீழும் ஆடி அடங்கும். மேலே நடப்பவர்களின் கால் அதே வேகத்தில் விழுந்தால் அடங்காது. ஒவ்வொரு அடியிலும் ஆட்டம் கொஞ்சம் கூடும்.

இன்னொன்றும் உண்டு. ஆட்கள் ஏற ஏறப் பாலத்தின் எடை கூடும். எடை கூடக் கூட அதன் ஆட்டம் மெதுவாகும். காலியாக இருக்கும்போது பயமில்லாத பாலம், கூட்டம் ஏறியதும் சரியாக மனிதர்கள் நடக்கும் வேகத்துக்கு இறங்கி வந்துவிடலாம். எங்கள் ஊர்ப் பாலம் அப்படிப்பட்டதா? அதைத்தான் நான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

டீச்சர் குதித்தாள்

சனிக்கிழமை காலை. என் மனைவி தமிழ்ச்செல்வி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விளையாட்டு வாத்தியாரிடம் ஸ்டாப்வாட்ச் இரவல் வாங்கி வந்திருந்தாள்.

ஆற்றில் மார்பளவு தண்ணீர் ஓடியது. நடுப்பாலத்துக்கு நேர் கீழே ஒரு மூங்கிலை ஊன்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூங்கிலில் தாள் சுற்றிய பலகை. பாலத்தின் அடியில் கட்டிய பென்சில் அந்தத் தாளைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“குதி” என்றேன்.

செல்வி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்தாள். பென்சில் மேலும் கீழும் கிறுக்கியது. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவள் ஸ்டாப்வாட்சைப் பார்த்து நேரம் சொல்ல, நான் தாளை மெதுவாக நகர்த்திக்கொண்டே எண்ணினேன். பத்து விநாடிக்கு இருபத்தாறு ஆட்டம்.

பன்னிரண்டு தடவை குதிக்கச் சொன்னேன். இருபத்தாறு மாறவில்லை.

அக்கரையில் ஒருவன் சைக்கிளை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெரிய தெருவில் காரியஸ்தராக இருந்தவரின் ஆள்.

“என்ன சார், டீச்சரம்மாவுக்கு ஊஞ்சலா?”

நான் தாளைச் சுருட்டத் தொடங்கினேன்.

“செவ்வாக்கெழம பாலத்த மூடிடுவாங்கன்னு சொன்னாங்களே. அப்புறம் எதுக்கு இந்தக் கஷ்டம்?” என்றவன், மணியை ஒரு தடவை அடித்துவிட்டு ஏறிப் போனான்.

செல்வியின் முகம் மாறிவிட்டது. “என்னங்க, நீங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாலயே அவனுக்கு எப்படித் தெரியும்?”

தண்ணீரை விட்டு ஏறுவதற்கு முன்னால் எட்டி, உத்தரத்தின் கீழ்ப்பட்டையைக் கையால் தடவிப் பார்த்தேன். துரு செதில் செதிலாக வந்தது. நடுவில் பட்டை பாதிக் கனத்துக்கு மெலிந்திருந்தது.

இருநூறு வரி

கம்ப்யூட்டர் மெட்ராசில் இருந்தது. எங்களிடம் இருந்தவை, ஒரு கணக்குச் சட்டம், அதாவது பொறியாளர்கள் அப்போது பையில் வைத்திருந்த ஸ்லைடு ரூல், இரண்டு நீளமான நோட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை.

முறை எளிதுதான். நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக்கொள்ள வேண்டும். விநாடியின் இருபதில் ஒரு பங்கு ஒரு துண்டு. ஒரு துண்டின் முடிவில் பாலம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது, அப்போது கால்கள் எவ்வளவு அழுத்துகின்றன என்று தெரிந்தால் அடுத்த துண்டில் எங்கே இருக்கும் என்று கணக்கிடலாம். அதை வைத்து அதற்கடுத்தது. பத்து விநாடிக்கு இருநூறு வரி. எங்கேயாவது ஒரு வரியில் தப்பு விழுந்தால் அதற்குக் கீழே எல்லாம் குப்பை.

அதனால் இருவரும் தனித்தனியாகப் போட்டோம். விடிந்ததும் உட்கார்ந்தோம். பத்து வரிக்கு ஒரு தடவை விடையைச் சத்தமாகச் சொல்லிச் சரிபார்த்தோம். நான் நான்கு இடத்தில் தப்பு விட்டேன். அவள் ஒரே இடத்தில்.

எழுபது பேருக்கான கணக்கை முதலில் போட்டோம். எழுபது பேர் ஏறினால் பாலத்தின் வேகம் பத்து விநாடிக்கு இருபதாக இறங்குகிறது. சாதாரணமாக மனிதர்கள் நடப்பதும் பத்து விநாடிக்கு இருபது அடிதான். பறையடிக்கு ஏற்ப எல்லாக் காலும் ஒன்றாக விழுந்தால்?

செல்வி எண்களை வாசித்துக்கொண்டே வந்தாள். முதலில் அரை அங்குலம். பிறகு ஒன்று. பிறகு ஒன்றரை. நூறாவது வரியில் நிறுத்தினாள்.

“இதுக்கு மேல போடணுமா?”

“வேண்டாம்.” அந்த மெலிந்த பட்டை அதற்கு முன்பே கிழிந்திருக்கும்.

நாற்பது பேருக்குப் போட்டோம். பாலத்தின் வேகம் இருபத்திரண்டு. நடை இருபது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. பறை இல்லாமல், கால் சேராமல் நடந்தால் ஆட்டம் கூடிக் கூடிப் பிறகு தானே குறைந்தது. பட்டை தாங்கியது.

நாற்பது. பகல் சாப்பாடு அடுப்பில் ஆறிப்போயிருந்தது.

“நீயுமா?”

அன்று பிற்பகலே ஊருக்குப் போனேன். அஞ்சலை அக்கா சங்கத்தின் கிளைச் செயலாளர். நாற்பது வயதிருக்கும். நடவுக்கு முன்னால் நின்று பாடுகிறவர். குரல் மூன்று வயல் தாண்டிக் கேட்கும். அவர் வீட்டு வாசலில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவும் இருந்தார், பறையைத் துடைத்துக்கொண்டு.

விஷயத்தைச் சொன்னேன். நாற்பது நாற்பது பேராகப் போக வேண்டும். பாலத்தின் மேல் பறை கூடாது.

அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார்.

“பெரிய தெருவுல எங்கப்பன் காலத்துலேர்ந்து பறையடிக்கக் கூடாதுங்கறாங்க. இப்ப நீயுமா?”

“அப்பா, இது அது இல்லப்பா.”

“எதுவா இருந்தா என்ன? வாய மூடு, கைய கட்டுன்னு சொல்றதுக்குத்தான் உன்னைப் படிக்க அனுப்புனேனா?”

நோட்டை விரித்தேன். அந்த எண்களை அவரால் படிக்க முடியாது என்பது விரித்த பிறகுதான் உறைத்தது. மடக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

அஞ்சலை அக்கா கேட்டார்: “தம்பி, ஆபீசுல ஒன்ன என்ன எழுதித் தரச் சொன்னாங்க?”

“பாலம் ஆகாது, மூடுன்னு.”

“எழுதிக் குடுத்தியா?”

“இல்லக்கா.”

அவர் அப்பா பக்கம் திரும்பினார். “பாலம் வரைக்கும் அடிங்கண்ணே. அக்கரையில எறங்கி மறுபடி அடிங்க. நடுவுல முதுகுல மாட்டிக்கிட்டு வாங்க.”

அப்பா சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பறையை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டைப் பார்த்துப் போனார்.

மறுநாள் காலை என் கடிதத்தை மேலதிகாரியிடம் கொடுத்தேன். ஒரே நேரத்தில் நாற்பது பேர், தாளம் கூடாது, அறுவடை முடிந்ததும் கீழ்ப்பட்டையை மாற்ற வேண்டும். நோட்டையும் வைத்தேன். அவர் கடிதத்தை ஒதுக்கிவிட்டு நோட்டைப் புரட்டினார். அவரும் ஒரு காலத்தில் கணக்குப் போட்டவர்தான். விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார்.

“கணக்கு சரியாத்தான்யா இருக்கு” என்றார், கொஞ்சம் வருத்தத்தோடு. பிறகு, “ஏதாவது ஆச்சுன்னா உங்க பேருதான். என் பேரு இதுல எங்கயும் இல்ல” என்றார்.

பாலத்தை மூடும் உத்தரவு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை

பத்து மணிக்கு ஊர்வலம் பாலத்துக்கு வந்தது. நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அக்கரையில், பாலம் இறங்கும் இடத்தில் நின்றேன். எனக்குப் பின்னால் போலீஸ். முப்பது பேராவது இருக்கும். கையில் லத்தி.

இக்கரையில் பறை நின்றது. அஞ்சலை அக்கா நின்று தலையை எண்ணி அனுப்பினார். முதல் நாற்பது பேர் பேசிக்கொண்டே, தோளில் பிள்ளைகளோடு நடந்து வந்தார்கள். பாலம் லேசாக அசைந்தது. இறங்கிவிட்டார்கள். இரண்டாவது நாற்பதும் வந்துவிட்டது.

மூன்றாவது கூட்டத்தில் அப்பா இருந்தார். முதுகில் பறை. எண்ணும் வேலையை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, அந்தக் கூட்டத்தின் கடைசி ஆளாக அஞ்சலை அக்காவும் ஏறினார்.

அவர்கள் கால்வாசி தூரம் வந்தபோது, இறங்கி நின்றவர்களை போலீஸ் கரையோரம் நெட்டித் தள்ளியது. ஒரு பெரியவர் கீழே விழுந்தார். அதைப் பாலத்தின் மேலிருந்தவர்கள் பார்த்தார்கள்.

யாரோ ஒருவர் கோஷம் எழுப்பினார். “கூலியை உயர்த்து!” நாற்பது பேரும் திருப்பிச் சொன்னார்கள். மறுபடி. மறுபடி. பறையைத் தடுத்தேனே தவிர, கோஷத்தை நான் நினைக்கவே இல்லை. கால்கள் கோஷத்தோடு சேர்ந்துகொண்டன. அதோடு, விழுந்தவரைத் தூக்க வேண்டும் என்ற ஆத்திரத்தில் நடை வேகமானது.

நான் என்னை அறியாமல் எண்ணினேன். பத்து விநாடிக்கு இருபத்திரண்டு.

பாலம் எழுந்தது. என் கண் முன்னாலேயே நடுப்பகுதி மேலே வந்து கீழே போனது. கைப்பிடிக் கம்பி வளைந்து நெளிந்தது. பலகைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. ஒரு பெண் விழுந்தாள். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நில்லுங்க! நில்லுங்க!” என்று கத்தினேன். கோஷத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு கையையும் தூக்கி, உள்ளங்கையைக் கீழே அழுத்தி அழுத்திக் காட்டினேன்.

அஞ்சலை அக்கா என்னைப் பார்த்துவிட்டார்.

“உக்காருங்க!” அந்தக் குரல் எல்லாவற்றையும் தாண்டி வந்தது. “அப்படியே உக்காருங்க! எல்லாரும்!”

எத்தனையோ மறியலில் அந்தக் குரலுக்கு உட்கார்ந்து பழகியவர்கள். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பலகையில் உட்கார்ந்தார்கள்.

பாலம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அப்போது என் பின்னால் இன்ஸ்பெக்டர் சொன்னது கேட்டது: “பாலத்துல மறியல் பண்றானுங்க. போய் அள்ளுங்கடா.”

பூட்ஸ் காலோடு முப்பது பேர் ஓடி ஏறினால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு வேண்டியதில்லை. பாலத்தின் வாயில் குறுக்கே நின்று இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டேன்.

“நான் பொறியாளர். ஏறாதீங்க. ஏறுனா எல்லாரும் ஆத்துலதான்.”

முதல் அடி இடது தோளில் விழுந்தது. எலும்பு உடையும் சத்தம் எனக்கு உள்ளேயே கேட்டது. கையை விடவில்லை என்று எழுத ஆசைதான். இடது கை தானாகவே விட்டுவிட்டது. வலது கையால் பிடித்துக்கொண்டு குறுக்கே சரிந்தேன். எத்தனை அடி விழுந்தது என்று தெரியாது. அடித்தவரும் ஓர் இளைஞர்தான். நடுவில் அவர் தலை நிமிர்ந்து பாலத்தைப் பார்த்தார். லத்தி அப்படியே நின்றது.

“சார், ஆடுது சார்” என்றார் அவர் இன்ஸ்பெக்டரிடம்.

பிறகு யாரும் முன்னால் வரவில்லை. கீழே, தண்ணீரில் ஏதோ கனமாக விழுந்த சத்தம். உத்தரத்தைத் தாங்கிய ஓர் இரும்புத் துண்டு. ஆட்டம் மெல்ல மெல்ல அடங்கியது. அஞ்சலை அக்கா ஒவ்வொருவராக எழுப்பி அனுப்பினார். அப்பா என்னைத் தாண்டும்போது குனிந்து என் தலையைத் தொட்டார்.

இன்னும் ஏறாத மிச்ச ஊர்வலம் இக்கரையிலேயே உட்கார்ந்துவிட்டது. தாலுகா ஆபீசிலிருந்து தாசில்தாரே ஆற்றங்கரைக்கு வரவேண்டியதாயிற்று. இரண்டு நாள் கழித்துக் கூலிப் பேச்சுவார்த்தை நடந்தது. கேட்டதில் பாதி கிடைத்தது. பெரிய தெருவில் யாரும் வெட்டுப்படவில்லை.

விசாரணை

என்மேல் துறை விசாரணை வந்தது. ஊர்வலத்துக்கு உடந்தையாக இருந்து தவறான பரிந்துரை கொடுத்தேன் என்று குற்றச்சாட்டு.

சங்கத்து வக்கீல் ஒருவர் சொல்லிக்கொடுத்தார்: “கணக்கு சரி, போலீஸ்தான் கலவரம் பண்ணுச்சுன்னு சொல்லுங்க. தப்பிச்சுடலாம்.”

அது பொய்யும் இல்லை. ஆனால் கை கட்டுக்குள் இருந்த அந்த மூன்று வாரமும் நான் வேறு எதையும் நினைக்கவில்லை. நாற்பது என்று சொன்னது நான். அந்த நாற்பதில் என் அப்பா இருந்தார். நூறு பேர் மொத்தமாக ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அது வேறு விஷயம்.

என்ன சொல்வது என்று செல்வியிடம் கேட்டேன். “வரி வரியாச் சரிபாத்தோம். தப்பு வரியில இல்ல” என்றாள். பிறகு, “உண்மையச் சொல்லிடுங்க. இல்லன்னா பேருக்கு ரெண்டு ஆணியடிச்சு அந்தப் பாலத்த மறுபடியும் திறந்துடுவாங்க” என்றாள்.

விசாரணை அதிகாரி முன்னால் சொன்னேன்: “கணக்கில் பிழை இல்லை. நான் எடுத்துக்கொண்ட நடை வேகம் தவறு. மனிதர்கள் கோபப்படும்போது வேகமாக நடப்பார்கள் என்பதை நான் சேர்க்கவில்லை. நாற்பது பேர் அதிகம்.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, “இத அப்படியே பதிவு பண்ணிக்கட்டுமா?” என்று கேட்டார்.

“பண்ணிக்கங்க சார்.”

ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். ராமநாதபுரம் பக்கம் மாற்றல். பாலத்தைப் பழுதுபார்த்து, அடுத்த சில ஆண்டுகளில் புதிதாகக் கட்டவும் உத்தரவாயிற்று.

மாற்றலாகிப் போகும் நாளில், நீடாமங்கலம் பஸ் நிறுத்தத்தில் அஞ்சலை அக்கா நின்றிருந்தார். வயலிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். காலில் சேறு காய்ந்திருந்தது.

“தம்பி, கணக்கு தப்புன்னு நீயே சொல்லிட்டியாமே?”

“ஆமாக்கா.”

“அப்ப அன்னிக்கு நாங்க செத்திருப்போமா?”

அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. “இன்னும் பத்து விநாடி நடந்திருந்தா... செத்திருப்பீங்கக்கா.”

திட்டுவார் என்று நினைத்தேன். பஸ் வந்து நின்றது. செல்வி பெட்டியோடு ஏறினாள். நான் படியில் கால் வைத்தபோது அவர் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

“புதுப் பாலம் கட்டி முடிக்க எப்படியும் ரெண்டு மூணு வருசம் ஆக்குவானுவ. அது வரைக்கும் எங்களுக்கு இதுதான் வழி. ஒருவாட்டிக்கு எத்தன பேரு போவலாம்? அதச் சொல்லிட்டுப் போ.”

கைக்கட்டு அவிழ்த்த முதல் நாளே செல்வியும் நானும் அதைப் போட்டுப் பார்த்திருந்தோம், கோபத்தில் நடக்கும் நடைக்கு.

“பதினஞ்சுக்கா.”

“பதினஞ்சு” என்று அவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு ஊரைப் பார்த்து நடந்தார்.